செதில் தோலில், எரிச்சல் பாதத்தில்

உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம் என்று ஊருக்கு ஊர் சுவரில் எழுதிப்போட்ட காலம் ஒன்று உண்டு. அந்த எழுத்து பலரை உரிய நேரத்தில் மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. தொழுநோய் இல்லாத சிலரையும் பயந்தபடி வரவழைத்தது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் தடித்து, வெள்ளிச் செதிலாக உதிரும் ஒருவர் வந்து உட்காருவார். மருத்துவர் பஞ்சை நுனியில் திரித்துக்கொண்டு, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, படையின் மேலும் பக்கத்துத் தோலிலும் மாற்றி மாற்றித் தொடுவார். தொட்ட இடத்தையெல்லாம் அவர் விரலால் சரியாகக் காட்டிவிட்டால் பாதி கவலை தீர்ந்தது. உணர்ச்சி இருக்கிறது. அரிப்பும் இருக்கிறது. செதிலைச் சுரண்டினால் புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசிகிறது. அப்படியானால் இது சொரியாசிஸ்; சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை.

இந்த இரண்டு நோய்களையும் பிரித்தறிய மேற்கத்திய மருத்துவமும் நெடுங்காலம் திண்டாடியது. லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் 1808-ல் சொரியாசிஸைத் தெளிவாக வருணித்தபோதுகூட, அதன் ஒரு வடிவத்துக்கு லெப்ரா என்ற பெயரையே விட்டுவைத்தார். 1841-ல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹீப்ராதான் அந்தப் பெயரை வெட்டிவிட்டார். அதன்பிறகு பாடம் எளிமையானது: தொழுநோய் நரம்பைக் கெடுக்கும், சொரியாசிஸ் கெடுக்காது. தேர்வுக்கு அது நல்ல விடை. ஆனால் அந்த விடையின் நிழலில் ஒரு கேள்வி நூறாண்டுக்கும் மேலாக யாரும் பெரிதாகக் கேட்காமலே கிடந்தது.

சொரியாசிஸோடு பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தோலைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு வேறொன்றும் வரும். ராத்திரியானால் உள்ளங்கால் எரிகிறது. கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது. மூட்டுவாதமும் சேர்ந்துகொண்டவர்களிடம் இந்தப் பேச்சு இன்னும் அதிகம். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் மூட்டுவாதத்துக்கு ஆளாகிறார்கள் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் தோல் முந்திக்கொள்ளும், மூட்டு சில ஆண்டுகள் கழித்துப் பின்தொடரும்.

இந்த எரிச்சலும் மதமதப்பும் நோயின் வேலையா, கூட வரும் சர்க்கரையின் வேலையா, சாப்பிடும் மருந்தின் வேலையா? கிடைக்கும் சான்றுகளைப் பார்க்கும்போது எனக்குப் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொரியாசிஸ் தனியாக நின்று நரம்பைக் கெடுக்கிறது என்பதற்கான சான்று மெலிதானது. ஆனால் நரம்பைக் கெடுக்கக்கூடிய வேறு ஐந்தாறு காரணங்கள் சொரியாசிஸ் உள்ளவரின் வாசலில்தான் வந்து கூடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

நரம்புக்கும் சொரியாசிஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. உறவு இருக்கிறது, எதிர்த் திசையில்: நரம்பு நோயை வளர்க்கிறது. அறுவை சிகிச்சையிலோ விபத்திலோ தோலுக்குச் செல்லும் நரம்பு துண்டிக்கப்பட்ட இடத்தில் மட்டும் பல காலப் படை மறைந்துபோனதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உணர்ச்சி திரும்பியபோது படையும் திரும்பியதுண்டு. முடக்குவாதத்திலும் இதே போன்ற செய்தி உண்டு. பக்கவாதத்தாலோ போலியோவாலோ செயலிழந்த கை கால்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. ஸ்டான்ஃபோர்டின் யூஜின் ஃபார்பர் 1980-களில் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தார். தோலின் நரம்பு நுனிகள் வெளியிடும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ போன்ற புரதத் துணுக்குகள் அழற்சியைக் கிளறிவிடுகின்றன என்றார். மன உளைச்சல் வந்தால் படை ஏன் பெருகுகிறது, இடமும் வலமும் ஏன் ஒரே மாதிரி வருகிறது என்பதற்கெல்லாம் அதில் ஒரு விளக்கம் கிடைத்தது. 2014-ல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம் தந்தது. சொரியாசிஸ் போன்ற அழற்சியை உண்டாக்கிய எலிகளில், வலியை உணரும் நரம்புகளை மட்டும் முன்கூட்டியே நீக்கிவிட்டபோது அழற்சி வெகுவாகக் குறைந்தது. அந்த நரம்புகள் தோலில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டி, இன்டர்லூக்கின்-23 என்ற வேதித் தூதைச் சுரக்க வைக்கின்றன. இன்றைய விலையுயர்ந்த சொரியாசிஸ் ஊசிகளில் பல குறிவைப்பது இதே இன்டர்லூக்கின்-23-ஐத்தான்.

படைக்குள் இருக்கும் நரம்பு இழைகளை நுண்ணோக்கியில் எண்ணியவர்கள் மட்டும் ஒத்துப்போகவில்லை. சிலர் இழைகள் பெருகியிருக்கின்றன என்றார்கள், சிலர் குறைந்திருக்கின்றன என்றார்கள். படையில் மேல்தோல் பல மடங்கு தடித்துவிடுவதால், ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் எத்தனை இழை என்று எண்ணுவதே சிக்கலான கணக்கு. இந்த எண்ணிக்கைகளை வைத்து நரம்புச் சிதைவைப் பற்றி எதுவும் தீர்த்துச் சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன்.

அடுத்து, படைக்கு வெளியே, கை கால்களின் நரம்பு. மின்தூண்டல் மூலம் நரம்பின் வேகத்தை அளந்து, சொரியாசிஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அறிகுறி தெரியாத அளவில் பாதிப்பு உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஒரே மருத்துவமனையில், சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. மருத்துவமனைக்கு வருபவர்கள் நோய் முற்றியவர்களாகத்தான் இருப்பார்கள். உடல் பருமன், மது, கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அழற்சிப் புரதங்கள் நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கலாம் என்ற விளக்கம் நம்பத்தக்கதுதான். ஆனால் விளக்கம் பொருந்துவதை வைத்து அது நடந்தே விட்டது என்று எழுதிவிட முடியாது.

வலியை அளந்த ஆய்வுகள் பெரியவை. டென்மார்க்கின் மூட்டுநோய்ப் பதிவேட்டிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பெயின்டிடெக்ட் என்ற வினாத்தாளைக் கொடுத்துப் பெற்ற முடிவுகள் 2017-ல் வெளியாயின. எரிகிறதா, மின்சாரம் பாய்வது போல் இருக்கிறதா, போர்வை பட்டாலே வலிக்கிறதா என்று அந்தத் தாள் கேட்கும். முடக்குவாதம் உள்ளவர்களில் 20 சதவீதமும், சொரியாசிஸ் மூட்டுவாதம் உள்ளவர்களில் 28 சதவீதமும் நரம்பு வலியின் சாயல் கொண்ட மதிப்பெண் வாங்கினார்கள். இந்த 28-ஐ எடுத்துக்கொண்டு, நாலில் ஒருவருக்கு நரம்பு கெட்டுவிட்டது என்று சொல்வது தவறு. வருடக்கணக்கில் மூட்டிலிருந்து வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் அந்தச் செய்தியைப் பெருக்கிக் காட்டத் தொடங்கிவிடும். கம்பி அறுந்ததற்கும் ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்ததற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டாவதில் நரம்பு முழுசாகவே இருக்கலாம், வலியும் பொய்யில்லை. நடைமுறையில் இதன் விளைவு பெரிது. மூட்டில் வீக்கம் வற்றிவிட்டது, ரத்தப் பரிசோதனையும் சரி, ஆனாலும் நோயாளி வலிக்கிறது என்கிறார். அப்போது மேலும் விலையுயர்ந்த ஊசிக்கு மாற்றுவதா, அல்லது டுலாக்சிட்டின் போன்ற வலிப்பாதை மருந்தையும் தூக்கத்தையும் உடற்பயிற்சியையும் கவனிப்பதா? மருத்துவர் இந்த வித்தியாசத்தை யோசிக்காவிட்டால் ஊசி மாறிக்கொண்டே இருக்கும், வலி அங்கேயே இருக்கும்.

உண்மையான நரம்புச் சேதத்தில் இந்தியாவில் முதல் சந்தேகத்துக்கு உரியது சர்க்கரை. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் படை பரவலாக உள்ளவர்களுக்கு, உடல் பருமனும் இரண்டாம் வகைச் சர்க்கரையும் மற்றவர்களைவிட அதிகம்; பல நாட்டு ஆய்வுகள் ஒத்துக்கொள்ளும் செய்தி இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வந்தபோது, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை, 15.3 சதவீதம் பேர் அதன் விளிம்பில் என்று தெரிந்தது. விளிம்பில் நிற்பவர்களுக்கே பாத நரம்பு எரிச்சல் தொடங்கிவிடலாம். எனவே சொரியாசிஸ் உள்ள ஒருவர் கால் எரிகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை.

அதற்கு அடுத்தது வைட்டமின் பி12. சைவ உணவுக்காரர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும் இது குறையும். சொரியாசிஸில் இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. சொரியாசிஸுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை எடுப்பவர்களுக்குப் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் கொடுக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் ஓரளவு சரிசெய்து மறைத்துவிடும். ஆனால் நரம்புச் சிதைவை அது தடுக்காது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை மாதாமாதம் நன்றாகவே வர, உள்ளங்காலில் மதமதப்பு மேலேறிக்கொண்டே போகும். ரத்தத்தில் பி12 அளவை ஒருமுறை பார்த்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும். மது பழக்கத்தைப் பற்றியும் ஒளிக்காமல் கேட்க வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களிடம் அது சற்றுக் கூடுதல் என்பதோடு, அது கல்லீரலையும் நரம்பையும் ஒருசேரக் கெடுக்கும்.

நோயே நேரடியாக நரம்பின்மேல் கை வைக்கும் ஓர் இடம் உண்டென்றால் அது குறுகிய பாதைகளில்தான். மணிக்கட்டில் விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஒரு சிறு சுரங்கம் வழியே போகின்றன, மீடியன் நரம்பும் கூடவே போகிறது. சொரியாசிஸ் மூட்டுவாதம் மூட்டை மட்டும் பிடிப்பதில்லை. தசைநாண் உறையையும், தசைநாண் எலும்போடு சேரும் இடத்தையும் பிடித்து வீங்கவைக்கும். விரல் முழுதும் திரண்டு வீங்குவதும் இதனால்தான். அந்த வீக்கம் மணிக்கட்டுச் சுரங்கத்தில் வந்தால் நரம்பு நசுங்கும். நள்ளிரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து விழிப்புத் தட்டும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் குறையும். சுண்டுவிரல் மட்டும் தப்பித்துக்கொள்ளும். காலையில் சட்டைப் பொத்தான் போடுவதும், பூத்தொடுப்பதும், தோசைக் கரண்டியைப் பிடிப்பதும் தடுமாறும். கணுக்காலின் உட்புறத்தில் இதே கதை நடந்தால் உள்ளங்கால் எரியும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் குதிகால் வலி சகஜம் என்பதால், இந்த எரிச்சலையும் குதிகால் வலிக் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். நரம்பு நசுங்குவதை அல்ட்ராசவுண்டிலும் மின்தூண்டல் சோதனையிலும் உறுதிப்படுத்த முடியும். அழற்சியைக் கட்டுப்படுத்தினாலோ, இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டினாலோ, தேவைப்பட்டால் சிறு அறுவை சிகிச்சையிலோ சரியாகும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போகும்வரை விட்டுவைத்தால் முழுதும் மீளாது.

மருந்துகளின் பக்கம்தான் செய்தி அதிகம். டியூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர், சுருக்கமாக டிஎன்எஃப், என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் சொரியாசிஸ் மூட்டுவாதத்தின் போக்கையே மாற்றின. 2014-ல் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் அவற்றில் ஒன்றான அடாலிமுமாபின் மலிவு வடிவத்தை வெளியிட்ட பிறகு நம் நாட்டிலும் பலருக்கு எட்டும் தூரத்தில் வந்தன. ஆனால் இந்தப் புரதத்தைத் தடுப்பது நரம்பு உறைக்கு நல்லதல்ல என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே கிடைத்தது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற மூளை, தண்டுவட நோய்க்கு உதவும் என்று நம்பி லெனர்செப்ட் என்ற டிஎன்எஃப் தடுப்பானைச் சோதித்தார்கள். 1999-ல் முடிவு வந்தபோது, மருந்து பெற்றவர்களுக்குத்தான் நோய்த் தாக்குதல் கூடியிருந்தது. 2001-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு வந்த தகவல்களிலிருந்து, மூட்டுவாதத்துக்கு இந்த ஊசி போட்டுக்கொண்ட இருபது பேரிடம் நரம்பு உறைச் சிதைவு தெரிந்ததைத் தொகுத்தார்கள். 2006-ல், கை கால் நரம்புகளைத் தாக்கும் கிலான் பாரி நோய் வந்த பதினைந்து பேரின் தொகுப்பு வந்தது. 2020-ல் மேயோ கிளினிக்கின் ஆய்வு, டிஎன்எஃப் தடுப்பான் பெற்றவர்களிடம் மைய நரம்பு மண்டல அழற்சி ஏறக்குறைய மூன்று மடங்கு வாய்ப்போடு தொடர்புடையது என்றது.

மூன்று மடங்கு என்றதும் ஊசியைத் தூக்கிப்போட வேண்டாம். அடிப்படையில் மிக அரிதான ஒன்று மும்மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். போதாததற்கு, 2016-ல் வந்த டென்மார்க் நாடு தழுவிய ஆய்வு வேறொரு முடிச்சைப் போட்டது: லேசான சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் வரும் வாய்ப்பு 1.84 மடங்கு, தீவிரமாக உள்ளவர்களுக்கு 2.61 மடங்கு. அப்படியானால் ஊசி போட்டவருக்கு வந்ததில் நோயின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு? பிரிப்பது கடினம். ஆனால் மருத்துவர் செய்ய வேண்டியதில் குழப்பமில்லை. நோயாளிக்கோ, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கோ மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் இருந்தால் டிஎன்எஃப் தடுப்பானைத் தவிர்க்கச் சொல்கிறது 2019-ன் அமெரிக்கத் தோல்நோய் வழிகாட்டி. இன்டர்லூக்கின்-17-ஐயும் 23-ஐயும் தடுக்கும் ஊசிகள் மாற்றாக இருக்கின்றன. அவற்றில் இந்த ஆபத்து தென்பட்டதில்லை. இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் செக்குகினுமாப் ஒரு சிறு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் பரிசோதனையில் சற்று நன்மைகூடக் காட்டியது.

ஊசியைப் பற்றி இத்தனை எழுதப்பட்டிருக்க, நம்மூரில் அதைவிட அதிகம் பேர் சாப்பிடும் லெஃப்ளூனமைடு மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. மெத்தோட்ரெக்சேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மூட்டு மருத்துவர்கள் எழுதும் விலை குறைந்த மருந்து அது. பயனுள்ளதுதான். ஆனால் தொடங்கிய சில மாதங்களில் சிலருக்குக் கால் விரல்களிலிருந்து மதமதப்பும் எரிச்சலும் கிளம்பும். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அறிகுறி தொடங்கிய சில வாரங்களுக்குள் நிறுத்தினால் மீள்வது அதிகம், தாமதித்தால் குறைவு. மருந்து உடலில் வாரக்கணக்கில் தங்கிவிடும் என்பதால், தேவைப்பட்டால் கொலஸ்டிரமின் கொடுத்து வெளியேற்றுவார்கள். லெஃப்ளூனமைடு உடலுக்குள் போய் மாறும் வடிவமான டெரிஃப்ளூனமைடு, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸுக்கே 2012 முதல் மருந்தாக விற்கப்படுகிறது. மூளையின் நரம்பைக் காக்கும் அதே பொருள் காலின் நரம்பைச் சுடுகிறது!

காசநோய் மருந்து இங்கே எதற்கு வருகிறது என்று கேட்கலாம். டிஎன்எஃப் தடுப்பான் போடுவதற்கு முன் உடலில் காசநோய்க் கிருமி உறங்குகிறதா என்று பார்ப்பது கட்டாயம். இந்தியாவில் பலருக்கு உறங்கிக்கொண்டுதான் இருக்கும். அவர்களுக்கு ஐசோநியாசிட் மாத்திரையை மாதக்கணக்கில் தருகிறார்கள். அது வைட்டமின் பி6 ஆன பைரிடாக்சினின் வேலையைக் கெடுத்து நரம்பைத் தாக்கும். சிறு அளவில் பைரிடாக்சின் சேர்த்துக் கொடுத்தால் தடுத்துவிடலாம். சேர்க்க மறந்த சீட்டுகள் உண்டு. எதிர்க் கோடியும் உண்டு: நரம்புக்கு நல்லது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, பி6 அதிகமுள்ள மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவோரும், கால் எரிச்சலுக்கெல்லாம் பி வைட்டமின்கள் கலந்த சிவப்பு ஊசியைப் போட்டுக்கொள்வோரும். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டது.

ஆர்செனிக்கையும் விட்டுவிட முடியாது. 1786-ல் தாமஸ் ஃபௌலர் அறிமுகப்படுத்திய ஆர்செனிக் கரைசலை ஐரோப்பிய மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சொரியாசிஸுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். படை வற்றியது, கூடவே உள்ளங்கையில் காய்த்தது போன்ற முடிச்சுகளும், பாத எரிச்சலும், வருடங்கள் கழித்துத் தோல் புற்றுநோயும் வந்தன. இங்கும் ஆர்செனிக், பாதரசம், ஈயம் சேர்ந்த பொடிகள் சொரியாசிஸைப் பூண்டோடு ஒழிக்கும் என்ற வாக்குறுதியோடு கைமாறுகின்றன. வெட்பாலைத் தைலத்தை நான் சொல்லவில்லை. இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாட்களில் எண்ணெய் ஊதாவாக மாறும், அதை மேலே பூசுகிறார்கள்; அதில் உலோகம் கிடையாது. சிக்கல், பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலத்தில் வரும் உள்மருந்தில். 2004-ல் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் எழுபதைச் சோதித்தபோது பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. காரணம் புலப்படாத நரம்புச் சேதத்தோடு வரும் சொரியாசிஸ் நோயாளியிடம், வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று திட்டாமல் கேட்டால்தான் பதில் வரும்.

இவ்வளவையும் யார் பார்ப்பது? தோல் மருத்துவர் தோலைப் பார்க்கிறார், மூட்டு மருத்துவர் மூட்டை அழுத்துகிறார், சர்க்கரை மருத்துவர் எண்ணைப் பார்க்கிறார். கால் உறையைக் கழற்றச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. சோதனை ஒன்றும் பெரிதல்ல. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலின் சில இடங்களில் தொடுவது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலின் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்பது. குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டுவது. ஐந்து நிமிடம் ஆகாது. நோயாளி நின்றுவிட்டது என்ற பிறகும் மருத்துவரின் விரலில் அதிர்வு தெரிந்துகொண்டே இருந்தால் அங்கே சங்கதி இருக்கிறது. மின்தூண்டல் சோதனை சரியாக இருக்கிறது என்ற தாளை வைத்து மட்டும் நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. அது தடித்த இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் சுமக்கும் மெல்லிய இழைகள் அதில் சிக்காது. அவற்றைப் பார்க்கக் கணுக்காலுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே மூன்று மில்லிமீட்டர் தோலை எடுத்து, சாயமேற்றி எண்ண வேண்டும். சொரியாசிஸ் உள்ளவருக்குப் படையில்லாத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில. ஊசி சிகிச்சையில் இருப்பவருக்கு ஒரு கண் பார்வை சில நாட்களில் மங்குவது, கண்ணை அசைத்தால் வலிப்பது. காலிலிருந்து மேல்நோக்கி ஏறும் பலவீனம், படியேற முடியாமல் போவது. கழுத்து வலியோடு இரண்டு கைகளும் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது. சொரியாசிஸ் மூட்டுவாதம் கழுத்தெலும்பின் மேல் மூட்டுகளையும் தளர்த்தி தண்டுவடத்தை அழுத்தலாம். இவற்றுக்கு அடுத்த மாதத்து முன்பதிவு வரை பொறுக்கக் கூடாது, அன்றே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மீதிக் கேள்வி, நோயே நரம்பைக் கெடுக்கிறதா என்பது, தீர வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. சொரியாசிஸ் என்று உறுதியான அன்றே, எந்த மாத்திரையும் தொடங்குமுன், பாத நரம்பையும் சர்க்கரையையும் பி12-ஐயும் அளந்து எழுதி வைத்து, அதே ஆட்களை ஐந்து பத்து ஆண்டுகள் தொடர வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு அளந்தால் குற்றம் யாருடையது என்று பிரிக்க முடியாது. தொழுநோய்க்காக வேலூரிலும் கரிகிரியிலும் நரம்பை விரலால் தடவி, உணர்ச்சியைப் புள்ளி புள்ளியாக வரைந்து, அதே நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்த வேலை நடந்திருக்கிறது. அதற்கான கைப்பழக்கமும் பதிவு முறையும் தமிழ்நாட்டில் புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல. அதே படிவத்தைத் தோல் பிரிவின் சொரியாசிஸ் வரிசையிலும் வைக்கலாம்.